மழைக்கு முன்னே மறையும் அலை

சிரம்பான் லோபாக்கில் பிற்பகல் மழை வரும் விதம் அங்கே குடியிருப்பவர்களுக்கு மனப்பாடம். கிழக்கே தித்திவங்சா மலைப்பக்கம் வானம் கருக்கும். காற்று சற்று நின்று, பிறகு குளிர்ந்து வீசும். தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் கட்டங்கட்டமாக உடைந்து உறைந்துபோகும். "அஸ்ட்ரோ போயிடுச்சு, துணிய எடு" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். அந்த நேரத்தில் வாசலில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. இரண்டு மூன்று நிமிடம் சென்ற பிறகே கூரை அதிர மழை இறங்கும்.

அந்தக் குரல் சொல்வது சரியான வானிலை முன்னறிவிப்பு. டிஷ்ஷுக்குத் தெரிந்தது வாசலுக்கு ஏன் இன்னும் தெரியவில்லை என்று கேட்டால், செயற்கைக்கோள் அலை எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மலேசியாவின் அஸ்ட்ரோ தொலைக்காட்சி ஒளிபரப்பைச் சுமக்கும் மீசாட் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,800 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. கீழே இருப்பது சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடல். சிரம்பானிலிருந்து பார்த்தால் அந்தப் புள்ளி அடிவானத்திலிருந்து சுமார் 77 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே, சற்று மேற்கே தள்ளி இருக்கிறது. வீட்டு டிஷ் இவ்வளவு நிமிர்ந்து தெரிவதில்லை. அதன் ஏற்பி நடுவில் இல்லாமல் கீழ்விளிம்பின் பக்கம் அமைந்திருப்பதால், தட்டு பார்க்கும் திசையும் அலை வரும் திசையும் வேறுபடுகின்றன. அலை உண்மையில் ஏறத்தாழச் செங்குத்தாகவே இறங்குகிறது.

இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தில் அலைக்கு ஆபத்து கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான். நம் பகுதியில் ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுழியம் டிகிரிக்கு இறங்குகிறது. அதற்கு மேலே மேகத்தில் இருப்பது பெரும்பாலும் பனித்துகள். அது இந்த அலைகளை அதிகம் தின்பதில்லை. உருகி நீரானதும் கதை மாறுகிறது. பெரிய மழைத்துளி வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஐந்து கிலோமீட்டரைக் கடந்து தரையைத் தொட அதற்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒன்பது நிமிடமும் அது அலையின் பாதையில் இருக்கிறது. மழை தரைக்கு வரும் முன்பே அலைக்கு வந்துவிடுகிறது. அடுக்களைக் குரலின் முன்னறிவிப்பு அந்த இடைவெளியிலிருந்து கிடைப்பது.

துளி அலையை என்ன செய்கிறது? வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பயன்படும் கு பட்டையின் அதிர்வெண் ஏறத்தாழ 12 ஜிகாஹெர்ட்ஸ்; அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளிகளின் விட்டம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஐந்து, ஆறு மில்லிமீட்டர் வரை. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் துளி சிறியதுதான், ஆனால் பொருட்படுத்தாமல் விடும் அளவுக்குச் சிறியதன்று. நீர் மூலக்கூறு மின்னேற்றம் ஒருபக்கம் சாய்ந்த மூலக்கூறு. அலையின் மின்புலம் வினாடிக்கு 1,200 கோடி முறை அதிர, மூலக்கூறு அதற்கு ஈடுகொடுத்துத் திரும்ப முயன்று, அந்த ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதியைத் துளி நாலாபக்கமும் சிதறடிக்கிறது. ஒவ்வொரு துளியும் எடுப்பது மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு கிலோமீட்டர் மழைக்குள் துளிகள் எண்ணிலடங்காதவை.

இழப்பைக் கணக்கிடும் சூத்திரத்தைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டிருக்கிறது. ஒரு மணிக்கு 100 மி.மீ. என்ற வீதத்தில் மழை கொட்டும்போது (நம் ஊர் இடிமழைக்கு இது அரிய எண் இல்லை) 12 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 4 முதல் 5.5 டெசிபெல் வரை இழக்கிறது. ஐந்து கிலோமீட்டர் முழுக்க அதே மழை என்று வைத்துக்கொண்டால் 20 டெசிபெல்லைத் தாண்டிவிடும். 10 டெசிபெல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். 20 என்றால் நூறில் ஒரு பங்கு. அதே மழையில் 4 ஜிகாஹெர்ட்ஸ் சி பட்டை அலை முழுப் பாதைக்கும் சேர்த்து ஒரு டெசிபெல்கூட இழப்பதில்லை. 20 ஜிகாஹெர்ட்ஸ் கா பட்டைக்கோ கிலோமீட்டருக்கு 9 முதல் 12 டெசிபெல் வரை போகிறது.

இன்னொரு அடியும் உண்டு; பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அலையை விழுங்கும் பொருள் எதுவும் தானும் அதே அதிர்வெண்ணில் மெல்ல ஒளிரும். தெளிந்த வானம் டிஷ்ஷுக்குக் குளிர்ந்த பின்னணி. கனமழையோ அறை வெப்பத்தை நெருங்கிய ஒரு திரை. சமிக்ஞை பலவீனமாகிற அதே நேரத்தில் இரைச்சல் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. டிகோடருக்கு முக்கியம் இவ்விரண்டுக்கும் உள்ள விகிதம். அதனால்தான் இலக்கமுறைத் தொலைக்காட்சியில் படம் மெல்ல மங்குவதில்லை. விகிதம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கிய நொடியில் முழுதும் போகிறது.

இப்படிப்பட்ட மழை நாட்டில் கு பட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? காரணம் டிஷ்ஷின் அளவு. சி பட்டைக்கு இரண்டு மூன்று மீட்டர் அகலத் தட்டு வேண்டும். அதைத் தோட்டத்து வரிசை வீட்டுக் கூரையில் யாரும் ஏற்ற முடியாது. 1996 ஜனவரியில் மீசாட்-1 ஏவப்பட்டபோது, அதிக ஆற்றலோடு கு பட்டையை இந்த மண்ணின் மீது குவித்து, மழைக்கு ஈடாகக் கூடுதல் வலு வைத்தார்கள். அதே ஆண்டில் அஸ்ட்ரோ தொடங்கியது. வானவில் அலைவரிசையும் தொடங்கியது. ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் கூரைக்குக் கூரை சின்னத் தட்டு முளைத்ததும், தமிழ்ச் செய்தியும் தமிழ்ப் படமும் வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பொறியியல் முடிவால். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மழை நேரத்து இருட்டு, அந்த முடிவுக்குத் தெரிந்தே கொடுத்த விலை.

எவ்வளவு விலை என்பதையும் முன்பே கணக்கிட்டிருந்தார்கள். பன்னாட்டு ஒன்றியத்தின் பழைய மழை வரைபடத்தில் நம் பகுதி கடைசி எழுத்துகளில் ஒன்றான பி (P) மண்டலத்தில் இருந்தது. ஆண்டில் 0.01 விழுக்காட்டு நேரம் மழைவீதம் மணிக்கு 145 மி.மீ.யைத் தாண்டும் என்பது அந்த மண்டலத்தின் பொருள். 0.01 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 53 நிமிடம். பொறியாளர் இதிலிருந்து கூட்டிக் கழித்து, இந்த இணைப்பு ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் துண்டிக்கும் என்று சொல்லிவிடுவார்.

இங்கே ஆண்டு மழையளவு அதிகம் உதவாது. நெகிரி செம்பிலானிலேயே இருக்கும் ஜெலபு, மலைகளுக்கு இடையே மழைமறைவில் கிடப்பதால் நாட்டில் மழை குறைந்த இடங்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. ஆனால் ஜெலபுவில் ஓர் இடிமழை கொட்டும் இருபது நிமிடத்தில் டிஷ் போவது மழை மிகுந்த கூச்சிங்கில் போவதுபோலத்தான். நாள் முழுக்கத் தூறும் மழையை அலை தாங்கிக்கொள்ளும். கொட்டும் வீதம் மட்டுமே அதை வீழ்த்துகிறது.

புள்ளிவிவரம் எத்தனை நிமிடம் போகும் என்று சொல்கிறது. எந்த நிமிடம் என்று சொல்வதில்லை. தோட்டத்துப் பள்ளியில் இணையத் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும், செயற்கைக்கோள் இணைப்பில் மட்டுமே இயங்கும் உள்ளூர்க் கிளினிக்குக்கும் தேவை இரண்டாவது விடை. அதற்கான கருவி ஏற்கெனவே நாட்டில் சுழன்றுகொண்டிருக்கிறது. வானிலை ராடார்.

ராடார் ஒரு துடிப்பை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. திரும்ப எடுத்த நேரம் தூரத்தைச் சொல்லும்; எதிரொலியின் வலு மழையின் அளவைச் சொல்லும். செயற்கைக்கோள் அலையில் ஒரு பங்கைப் பறிக்கும் அதே சிதறல்தான் ராடாருக்குக் கண். எனவே ராடார் காட்டும் எண்ணை மழைவீதமாக மாற்றி, மழைவீதத்தை டெசிபெல் இழப்பாக மாற்றி, டிஷ்ஷிலிருந்து செயற்கைக்கோள் வரை செல்லும் சாய்கோட்டின் மீது கூட்டிவிட்டால், இந்த நொடியில் அந்த இணைப்பு எவ்வளவு இழக்கிறது என்பது வந்துவிடும். சொல்வதற்கு இது எளிது. சிக்கல் துளியின் அளவில் ஒளிந்திருக்கிறது.

எதிரொலியின் வலு துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. துளி ஒன்று தரும் எதிரொலியைத் தர 1 மி.மீ. துளிகள் 4,096 வேண்டும். ஆனால் நீரின் அளவில் அந்தப் பெரிய துளி வெறும் 64 சின்னத் துளிகளுக்குச் சமம். கு பட்டை அலை படும் இழப்பு இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எங்கோ நிற்கிறது. ஆகவே ராடார் திரையில் ஒரே சிவப்பாகத் தெரியும் இரண்டு மழைகள், ஒன்று குறைந்த பெருந்துளிகளாலும் மற்றொன்று நிறைந்த சிறு துளிகளாலும் ஆனவை என்றால், டிஷ்ஷுக்கு இரண்டும் வேறு வேறு இழப்பு. 1948இல் கனடாவின் மார்ஷல், பால்மர் இருவரும் துளி அளவுகளின் பரவலுக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். எதிரொலியையும் மழைவீதத்தையும் இணைக்கும் புகழ்பெற்ற சமன்பாடு அதன் வழி வந்தது. அது கனடாவின் மழையைப் பார்த்து எழுதியது. நிலநடுக்கோட்டு மழைக்கு அப்படியே போட்டால் கணக்குத் தடுமாறும். அதனால்தான் மலேசிய, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிகளை வைத்து ஆண்டுக்கணக்கில் பதிவு எடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பான வேலை. அது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது.

இந்தத் தடுமாற்றத்துக்கு இப்போது நல்ல மருந்து ஒன்று உண்டு. பெரிய மழைத்துளி விழும்போது காற்றின் அழுத்தத்தில் தட்டையாகிறது. உயரத்தைவிட அகலம் கூடுகிறது. படுக்கைவாட்டில் அதிரும் அலையும் செங்குத்தாக அதிரும் அலையும் அந்த மழைக்குள் சற்று வேறு வேறு வேகத்தில் செல்கின்றன. இருமுனைவு ராடார் இரண்டையும் அனுப்பி, அவற்றுக்கு நடுவே கூடிக்கொண்டே போகும் பின்னடைவை அளக்கிறது. இந்த அளவு எதிரொலியின் வலுவைச் சார்ந்திராதது. மழை கொடுக்கும் இழப்போடு அது ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது. அலை இழப்பை முன்னறிவிக்க விரும்புகிறவருக்கு ராடார் தரும் மிகச் சிறந்த எண் இதுதான் என்பேன்.

லோபாக்கை எந்த ராடார் பார்க்கிறது? மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ராடார்களில் மிக அருகில் இருப்பது டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்துக்காக நிறுவிய டாப்ளர் ராடார். நேர்கோட்டில் 30 கி.மீ.க்குச் சற்று மேல். சுபாங் ராடார் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில். ஜொகூரில் குளுவாங் ராடார் சுமார் 170 கி.மீ. தூரத்தில்.

இந்த மூன்று தூரங்களும் மூன்று விதமான பார்வை. ராடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைகிறது. அரை டிகிரி சாய்வில் குளுவாங்கிலிருந்து புறப்படும் கதிர் சிரம்பான் மேல் வரும்போது தரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேலே போயிருக்கும்; ஒரு டிகிரி அகலக் கதிர் அதற்குள் மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். லோபாக்கின் ஒரு தெருவுக்கு மேல் நிற்கும் மழைத்தூணும் அடுத்த வட்டாரத்துக்கு மேல் நிற்பதும் அதற்கு ஒன்றாகிவிடும். புக்கிட் தம்போயிலிருந்து பார்த்தால் கதிரின் அகலம் அறுநூறு மீட்டர்கூட இல்லை. தூணின் அடிமுதல் நுனிவரை பல சாய்வுகளில் வெட்டிப் பார்க்கலாம். நம்முடைய அலை செங்குத்தாக இறங்குவது இங்கே பெரிய உதவி. 5 கி.மீ. உயரத்தில்கூட அலை வீட்டிலிருந்து மேற்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் விலகியிருக்கும். ஐரோப்பாவில் முப்பது டிகிரி சாய்வில் வரும் அலைக்குப் பல கிலோமீட்டர் தூரத்து மழையையும் பார்க்க வேண்டும். நமக்குத் தலைக்கு மேலிருக்கும் ஒரு தூண் போதும்.

அருகிலிருக்கும் ராடாருக்கும் ஒரு குறை உண்டு. விமான நிலைய ராடார்கள் பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டர் அலைநீளமுள்ள, முன்பு சொன்ன 4 ஜிகாஹெர்ட்ஸைவிட உயர்ந்த அதிர்வெண் கொண்ட சி பட்டையில் இயங்குபவை. கனமழையில் அந்த அலையே ஒரு கிலோமீட்டருக்கு அரை முதல் ஒரு டெசிபெல் வரை இழக்கும். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. ராடாருக்கும் சிரம்பானுக்கும் நடுவே நீலாயில் பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு மழை கொட்டினால், அதன் பின்னால் இருக்கும் லோபாக் மழை உண்மையைவிட மெலிந்து தெரியும். பத்து சென்டிமீட்டர் அலைநீள எஸ் பட்டை ராடாருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஜொகூரில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் இணைப்பின் மழை இழப்பை ஆராயக் குளுவாங்கின் எஸ் பட்டைத் தரவை எடுத்துக்கொண்டது இயல்பே. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ராடார் தரவை வைத்து வேறொரு கேள்வி கேட்டார்கள்: இரண்டு தரை நிலையங்களை எவ்வளவு தள்ளி வைத்தால் ஒரே மழை இரண்டையும் ஒன்றாக வீழ்த்தாமல் இருக்கும்? சிங்கப்பூர் போன்ற சிறு தீவில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. இடிமழைத் தூண் சில கிலோமீட்டர் அகலமே இருப்பதால், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரிவுகூடப் பெரிய பலன் தருகிறது.

தமிழ்நாட்டுக் கரையிலும் இந்தக் கருவிகள் உண்டு. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் எஸ் பட்டை டாப்ளர் ராடார் இயங்குகிறது. 2014 ஜனவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஏவிய ஜிசாட்-14இல் 20.2, 30.5 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் இரண்டு வழிகாட்டி அலைபரப்பிகள் இருந்தன. இந்திய மழை கா பட்டையை எப்படித் தின்கிறது என்று அளப்பதற்கென்றே வைத்தவை.

இப்போது நடப்பதை அறிவது ஒன்று. இன்னும் அரை மணியில் நடக்கப்போவதை அறிவது வேறு. இங்கே நெகிரி செம்பிலானுக்கு இரண்டு விதமான மழை உண்டு. ஒன்று முன்னறிவிப்புக்கு இணங்கும், மற்றது இணங்காது.

இணங்குவது விடியல் மழை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவில் சுமத்ராவின் மேலும் மலாக்கா நீரிணையின் மேலும் உருவாகும் இடிமேகங்கள் நீண்ட வரிசையாகத் திரண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியுமுன் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏறுகின்றன. வானிலையாளர்கள் இதைச் சுமத்ரா என்றே அழைக்கிறார்கள். பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு இந்த மழை நன்றாகத் தெரியும். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகும் நேரத்தில் வந்து மரத்தை நனைத்துவிடும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழியும், மங்கில் சேராது, அன்றைய வேலை இல்லை, கூலியும் இல்லை. ராடாருக்கு இந்த வரிசை திறந்த புத்தகம். கடல்மேல் வரும்போதே முழு நீளமும் தெரியும். மணிக்கு 40, 50 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்றால், போர்ட்டிக்சன் கரையைத் தொட்டதிலிருந்து சிரம்பானுக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்தடுத்த ராடார் படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு மழைத்திட்டும் எந்தத் திசையில் நகர்ந்தது என்று கண்டு, அதே நகர்வை முன்னே நீட்டினால் போதும். நல்ல விடை வரும். மலேசிய வானிலைத் துறையின் ரெயின்ஸ் முறையும் ராடாரை அடிப்படையாகக் கொண்டு வரும் சில மணி நேர மழையைக் கணிப்பதற்கானது.

இணங்காதது பிற்பகல் மழை. காலை முழுக்க வெயிலில் சூடான தரைக்காற்று மேலெழுந்து, கடற்காற்றும் மலைச்சரிவும் அதற்குத் துணைசெய்ய, ஒன்றுமில்லாத வானத்தில் ஒரு தூண் முளைக்கிறது. முதல் எதிரொலி தெரிந்து உச்சத்துக்கு ஏற அதற்கு இருபது நிமிடம் போதும். ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்தும் விடும். நகர்வை நீட்டும் கணக்கு இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் நகர்வதற்கு முன் அது பிறக்க வேண்டும். ராடார் படம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால், அந்தத் தூணின் வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு படத்துக்கும் படத்துக்கும் நடுவே போய்விடும்.

இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் சொன்ன ஒன்பது நிமிடம் விலைமதிப்புள்ளதாகிறது. பிறக்கும் மழை முதலில் மேலே பிறக்கிறது. தரையருகே ஒன்றுமில்லாதபோதே ராடாரின் உயர்ந்த சாய்வுகளில் நான்கு, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் எதிரொலி தடிக்கத் தொடங்கும். தரை மழையைக் கணிப்பவர் தாழ்ந்த கதிரையே நம்புவார்; அலையைக் காப்பவர் முழுத் தூணையும் பார்க்க வேண்டும். மேலே சேர்ந்திருக்கும் நீரின் மொத்த எடையைத் தூண் முழுவதும் கூட்டினால், இணைப்பு சரியப்போவது சில நிமிடம் முன்னதாகத் தெரியும். ஆழ்கற்றல் முறைகளும் இதில் இறங்கியிருக்கின்றன. 2015இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தவர்கள் அவ்வூர் வானிலை ஆய்வகத்தின் ராடார் படங்களை வைத்து நரம்பியல் வலையைப் பழக்கினார்கள். 2021இல் டீப்மைண்ட் நிறுவனத்தார் பிரித்தானிய வானிலைத் துறையோடு சேர்ந்து அடுத்த ஒன்றரை மணி நேர மழையைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். அந்த முறைகளையும் நம் பிற்பகல் இடிமழையின் படங்களைக் கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

பத்து நிமிடம் முன்னே தெரிந்து என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம், ஆனால் யார் செய்வது என்பதைப் பொறுத்தது. தரை நிலையம் மேலே அனுப்பும் வலுவைக் கூட்டலாம். 2005இல் வந்த இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரத்தில் குறியீட்டு முறையை மழைக்கேற்ப மாற்ற முடியும். வேகமான முறைக்கும் மெதுவான ஆனால் உறுதியான முறைக்கும் நடுவே ஏறத்தாழ 18 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ராடார் கட்டாயமில்லை; இணைப்பே தன் நலிவை உணர்ந்து சில நொடிகளில் மாறிக்கொள்ளும். ஆனால் ஒரு நுழைவாயில் நிலையத்தின் மொத்தப் போக்குவரத்தையும் மழையில்லாத இன்னொரு நிலையத்துக்கு மாற்றுவது நொடியில் ஆகாது. அங்கே ராடார் தரும் நிமிடங்கள் இன்றியமையாதவை.

2022 ஜூனில் ஏவிய மீசாட்-3டி, இணையம் எட்டாத இடங்களுக்கு அகலப்பட்டை தருவதற்காகக் கா பட்டையைச் சுமக்கிறது. அதே செயற்கைக்கோளில் இன்னும் உயர்ந்த கியூ, வி பட்டைகளில் கனமழையின் விளைவை ஆராய்வதற்கான கருவியும் இருக்கிறது. அதிர்வெண் ஏற ஏற இடமும் வேகமும் கிடைக்கின்றன. மழை எடுக்கும் பங்கும் ஏறுகிறது. கு பட்டைக் காலத்தில் வசதியாக இருந்த முன்னறிவிப்பு, கா பட்டைக் காலத்தில் அடிப்படைத் தேவையாகிறது.

வீட்டு டிஷ்ஷோ ஒளிபரப்பின் முடிவில் நிற்பது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே அலை. லோபாக்கில் மட்டும் மழை என்பதற்காகக் குறியீட்டை மாற்ற முடியாது. என்றாலும் வீட்டு டிஷ்ஷுக்கும் செயற்கைக்கோள் இணையத்துக்கும் பொதுவாக ஒன்றைச் செய்யலாம். "இன்னும் பதினைந்து நிமிடத்தில் உங்கள் பகுதியில் இணைப்புத் துண்டிக்கக்கூடும், சுமார் அரை மணி நேரம்" என்ற அறிவிப்பு. வகுப்பு எடுக்கும் ஆசிரியர் பாடக்கோப்பை முன்னதாக இறக்கி வைப்பார். தேர்வெழுதும் பிள்ளை விடைகளை அனுப்பிவிடும். கிளினிக் ஊழியர் நோயாளியின் அறிக்கையை உடனே ஏற்றுவார். இதற்குப் புதிய செயற்கைக்கோள் வேண்டாம். ராடார் வைத்திருக்கும் துறையும் இணைப்பை விற்கும் நிறுவனமும் தரவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நகரத்தில் கண்ணாடியிழை இருக்கிறது. மழையில் அது போவதில்லை. தோட்டப்புறத்தில் பல இடங்களில் செயற்கைக்கோளை விட்டால் வேறு வழி இல்லை. முன்னறிவிப்பு அங்கேதான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். மழை அலையைக் குறைக்கிறது என்றால், குறைந்த அலையிலிருந்து மழையை அளக்க முடியும். 2006இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கைப்பேசிக் கோபுரங்களுக்கிடையே செல்லும் நுண்ணலைகளின் ஏற்ற இறக்கத்திலிருந்து மழையளவைக் கண்டு சயன்ஸ் இதழில் எழுதினார்கள். இத்தாலியின் டஸ்கனியில் நெஃபோகாஸ்ட் திட்டம் வீட்டுச் செயற்கைக்கோள் ஏற்பிகளையே மழைமானியாகப் பயன்படுத்திப் பார்த்தது. நமக்கு இது இன்னும் பொருத்தம். ஜெலபு பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிட் தம்போய் ராடாருக்கும் அதற்கும் நடுவே 1,193 மீட்டர் உயரமுள்ள தெலாப்பாக் பூரோக் போன்ற மலைகள் நிற்கின்றன. தாழ்ந்த கதிர்கள் அங்கே தடுக்கப்படும். மலைக்குப் பின்னால் பெய்வதை ராடார் பாதிதான் பார்க்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளிலும் பள்ளிகளிலும் இருக்கும் ஒவ்வொரு ஏற்பியும் தன் தலைக்கு மேலிருக்கும் ஐந்து கிலோமீட்டர் மழைத்தூணை, ராடார்போல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றில்லாமல், நொடிக்கு நொடி அளந்துகொண்டிருக்கிறது. இருவழிச் செயற்கைக்கோள் இணைய முனையங்கள் தம் சமிக்ஞை நிலையை ஏற்கெனவே மைய நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த எண்களை வானிலைத் துறையின் ராடார் படத்தோடு இணைத்தால், ராடார் காணாத சரிவு நிரம்பும்; நிரம்பிய படம் அடுத்த பத்து நிமிடத்துக்கான கணிப்பைத் திருத்தும்; அந்தக் கணிப்பு அதே முனையங்களுக்குத் திரும்பிப் போகும். தொடங்குவதற்குத் தோட்டப் பள்ளிகளின் முனையங்களே போதும். அவை இருக்கும் இடம் தெரியும், அவற்றின் எண்களில் யாருடைய தனிப்பட்ட விவரமும் கலந்திருக்காது, பிற்பகல் வகுப்பு நடக்கும் நேரமும் இடிமழையின் நேரமும் ஒன்றாகவே இருக்கிறது.